எண்ண அஞ்சிய அரசு

"நாட்டிலே நல்லாட்சி நடக்கிறது" என்று டில்லியிலிருந்து நாள் தவறாமல் நமக்குச் சொல்லப்படுகிறது. சுவரொட்டி சொல்கிறது, வானொலி சொல்கிறது, பெட்ரோல் பங்கிலே நிற்கும் விளம்பரப் பலகை சொல்கிறது, கொரோனா ஊசி போட்டுக் கொண்டவனுக்குத் தந்த சான்றிதழிலேகூடப் பிரதமரின் படம் சிரித்துக்கொண்டே அதைச் சொல்லிற்று. மகிழ்ச்சி! நல்லாட்சி வேண்டாமென்று நம்மிலே எவரும் நோன்பிருக்கவில்லை. ஆனால், கோயில் வாயிலிலே நின்று "கல் பேசுமா?" என்று கேட்டவர்கள் நாம், கோட்டை வாயிலிலே மட்டும் வாய்பொத்தி நிற்கலாமா? நடப்பது நல்லாட்சிதான் என்பதற்குச் சான்று எது? அளவுகோல் எது? அளந்தவர் யார்?

கேட்டதும் முதலிலே வருகிற விடை நமக்குத் தெரிந்ததுதான். "வளர்ந்துவரும் நாடப்பா இது! வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற வறுமை. நூற்று நாற்பது கோடி வாய்கள். இங்கிலாந்தையும் சுவீடனையும் அளக்கிற கோலால் இந்த நாட்டை அளக்காதே" என்பார்கள். சரி, அளக்கவில்லை. ஏழை நாட்டிலே ஊருக்கு ஊர் மருத்துவமனை இல்லாதிருக்கலாம். பள்ளிக்குக் கூரை இல்லாதிருக்கலாம். அதற்காக ஓர் அரசைத் தூக்கிலிட்டுவிட நாம் துடிக்கவில்லை. ஆனால், எத்தனை ஊரிலே மருத்துவமனை இல்லை, எத்தனை பள்ளிக்குக் கூரை இல்லை, எத்தனை வீட்டிலே இரவு உலை ஏறவில்லை என்று எண்ணிப் பார்க்கவும், எண்ணியதை ஊரறியச் சொல்லவும் பெருஞ்செல்வமா வேண்டும்? நெஞ்சிலே நேர்மை இருந்தால் போதுமே!

இதற்கு இந்த நாட்டு வரலாறே சாட்சி. 1950-இலே இந்தியா இன்றைவிட எத்தனையோ மடங்கு ஏழை நாடு. கப்பலிலே கோதுமை வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. அந்த ஏழ்மையிலேதான் மகலனோபிசு எனும் புள்ளியியல் அறிஞரின் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டது. எந்த வீட்டிலே என்ன உண்கிறார்கள், எவ்வளவு செலவிடுகிறார்கள் என்று வாசல்தோறும் சென்று கேட்டு எழுதினார்கள். ஏழை நாடு எண்ணிப் பார்க்கும் வகையைக் கற்க வெளிநாட்டு அறிஞர்கள் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அன்று முடிந்தது, பொருளாதாரத்திலே உலகின் முதல் ஐந்து நாடுகளுள் ஒன்று என்று மார்தட்டிய பிறகு முடியவில்லையென்றால், வறுமையா அதற்குக் காரணம்?

அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். உலக வங்கி 1996-ஆம் ஆண்டு தொடங்கி நாடுகளின் ஆட்சித்தரத்தை ஆறு பிரிவுகளாகப் பிரித்து அளந்து வருகிறது: மக்களின் குரலும் அரசின் பொறுப்பும், அரசியல் நிலைத்தன்மை, அரசின் செயல்திறன், ஒழுங்குமுறைகளின் தரம், சட்டத்தின் ஆட்சி, ஊழல் கட்டுப்பாடு என்று. இந்த அளவீட்டிலும், இதுபோன்ற வேறு பன்னாட்டுப் பட்டியல்களிலும் குறை உண்டு. ஒரு நாட்டின் சனநாயகத்தைப் பற்றிச் சிலபல வல்லுநர்களிடம் வினாத்தாள் நீட்டி, அவர்தம் மனத்திலே பட்டதை எண்ணாக்கித் தருகிறார்கள் சிலர். 2022 நவம்பரிலே பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுவைச் சார்ந்த இருவர் இதைச் சுட்டிக்காட்டிக் கட்டுரை எழுதினார்கள். அந்தக் குற்றச்சாட்டிலே பாதியை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அயலான் தரும் மதிப்பெண்ணுக்கு ஆலாய்ப் பறப்பது நமக்குப் பெருமையல்ல.

ஆனால், ஆளவந்தார்களுக்கு அந்த மான உணர்ச்சி எப்போது பிறந்தது? 'தொழில் நடத்த எளிதான நாடு' என்றொரு பட்டியலை இதே உலக வங்கிதான் வெளியிட்டு வந்தது. அதிலே 2014-இல் 142-ஆம் இடத்திலிருந்த இந்தியா 2019-இலே 63-ஆம் இடத்துக்கு ஏறியபோது தோரணம் கட்டியவர்கள் யார்? "உலகமே வியக்கிறது!" என்று ஊதியவர்கள் யார்? அந்தப் பட்டியலிலே சில நாடுகளின் புள்ளிகள் திருத்தப்பட்ட முறைகேடு வெளியாகி, 2021 செப்டம்பரிலே உலக வங்கியே அதைக் குப்பையிலே போட்டது. இந்தியாவின் புள்ளியிலே கைவைத்ததாக அதிலே குற்றம் இல்லை. அதையும் சொல்லிவிடுவதே முறை. நமது கேள்வி வேறு. மதிப்பெண் கூடினால் தேர்வாளர் மேதை, குறைந்தால் தேர்வாளர் பகைவன்! வகுப்பறையிலே இந்த நியாயத்தைப் பேசும் பையனை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அவனுக்காவது வயது பன்னிரண்டு.

போகட்டும், அந்நியன் கோல் வேண்டாம். சொந்தக் கோல் என்னவாயிற்று?

2017-18-இலே தேசிய மாதிரி ஆய்வுத்துறை குடும்பங்களின் செலவுக் கணக்கை எடுத்தது. விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் ஒருவர் மாதத்தில் செய்யும் செலவு 2011-12-ஐவிடக் குறைந்திருந்தது என்ற செய்தி 2019 நவம்பரிலே ஏடொன்றின் வழியே கசிந்தது. அரசு என்ன செய்தது? "கணக்கின் தரம் சரியில்லை" என்று கூறி அந்த ஆய்வையே வெளியிடாது விட்டது. அடுத்த செலவுக் கணக்கு மக்கள் கண்ணிலே பட 2024 பிப்ரவரி ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள்! இடையிலேதான் 2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பிலே 86 விழுக்காடு செல்லாத காகிதமாக்கப்பட்டது. கறுப்புப் பணம் கருகிவிடும் என்றார்கள். செல்லாதெனச் சொன்ன நோட்டிலே 99.3 விழுக்காடு திரும்பி வந்துவிட்டது என்று 2018 ஆகஸ்டிலே ரிசர்வ் வங்கி அறிவித்தது. அந்த அடி ஏழையின் உலையிலே எப்படி விழுந்தது என்று காட்டக்கூடிய கணக்கு எதுவோ, அதுவே புதைக்கப்பட்டது.

வேலையில்லாக் கொடுமையைப் பற்றிய ஆய்வுக்கும் இதே கதிதான். 6.1 விழுக்காடு வேலையின்மை என்று கண்ட அறிக்கை 2019 தேர்தலுக்கு முன்பே அணியமாயிருந்தும் வெளிவரவில்லை. தேசியப் புள்ளியியல் ஆணையத்திலே இருந்த இருவர் அந்த ஆண்டு சனவரியிலே பதவியை உதறி வெளியேறினர். தேர்தல் முடிந்து, அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று, அதே 6.1 அமைதியாக வெளியிடப்பட்டது. தேர்வு முடிந்து ஆள் அடுத்த வகுப்புக்கு ஏறிய பிறகு ரேங்க் கார்டைக் காட்டுகிற தந்திரம்!

இதிலே காங்கிரசு உத்தமர்களுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க மாட்டோம். 2011-இலே நகரத்திலே நாளொன்றுக்கு 32 ரூபாய் செலவிடுகிறவன் ஏழையல்லன் என்று உச்சநீதிமன்றத்திலே உறுதிமொழி தாக்கல் செய்தது அன்றைய திட்டக்குழு. நாடே கைகொட்டிச் சிரித்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். கணக்கு வெளியே வந்ததால்தான் சிரிக்க முடிந்தது. சிரித்ததால்தான் மறு ஆண்டு ரங்கராஜன் தலைமையிலே வேறு குழு அமைக்க வேண்டிவந்தது. தப்பான கணக்கைத் திருத்தலாம். மறைத்த கணக்கை என்ன செய்வது?

உயிர்க் கணக்குக்கு வருவோம். 2020 மார்ச்சு 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவிலே நாட்டைப் பூட்டினார்கள். கூலிக்குப் போன இடத்திலே கூலியும் கூரையும் இழந்த மக்கள் ஊர் நோக்கி நடந்தார்கள். மே 8 அன்று அவுரங்காபாத் அருகே தண்டவாளத்திலே அயர்ந்து உறங்கிய பதினாறு பேர்மீது சரக்கு ரயில் ஏறிற்று. செப்டம்பர் 14 அன்று நாடாளுமன்றத்திலே கேட்டார்கள்: வழியிலே மாண்ட தொழிலாளர் எத்தனை பேர்? தொழிலாளர் துறை தந்த விடை: அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கவில்லை. கணக்கே இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியும் எழவில்லையாம்! எத்தனை சிக்கனமான தருக்கம், பாருங்கள். அதே கூட்டத்தொடரிலே ரயில்வே துறை, தொழிலாளரை ஏற்றிச் சென்ற சிறப்பு ரயில்களிலே மட்டும் 97 பேர் மாண்டனர் என்று கூறிற்று. ஓர் அமைச்சகத்தின் ஏட்டிலே பிணம் உண்டு. மற்றோர் அமைச்சகத்தின் ஏட்டிலே பிணமே இல்லை!

மறு ஆண்டு, மூச்சுக்காற்று உருளைக்காகப் பிள்ளைகள் தெருத்தெருவாய் ஓடியதை நாடு கண்டது. 2021 சூலை 20 அன்று மாநிலங்களவையிலே அரசு சொன்னது: ஆக்சிஜன் பற்றாக்குறையால் சாவு நேர்ந்ததாக மாநிலங்களிடமிருந்து குறிப்பாக எந்தத் தகவலும் வரவில்லை. மாநிலங்கள் எழுதவில்லை, டில்லி கேட்கவில்லை. 2022 மே மாதம் உலக நலவாழ்வு நிறுவனம் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலே இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் நேர்ந்த சாவு சுமார் 47 லட்சம் என்று மதிப்பிட்டது. அரசின் கணக்கிலோ அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் சுமார் 4.8 லட்சம். "மதிப்பிட்ட முறையே தவறு" என்று டில்லி சீறிற்று. இருக்கட்டும், மதிப்பீடு வேண்டாம். அரசின் சொந்தப் பதிவேட்டையே பார்ப்போமே! 2020-இல் சுமார் 81 லட்சம் சாவுகளைப் பதிந்த நாட்டிலே 2021-இல் ஒரு கோடியே 2 லட்சம் பதிவாகியிருக்கிறது. ஓராண்டிலே ஏறத்தாழ 21 லட்சம் கூடுதல். அத்தனையும் கொரோனாச் சாவு என்று நாம் கூறவில்லை. பதிவு செய்யும் வழக்கம் பெருகியதும் ஒரு காரணமாகலாம். ஆனால் இந்தப் பதிவேடு மக்கள் பார்வைக்கு வந்தது எப்போது? 2025 மே மாதம். நான்காண்டு, சாவுக்கணக்கு பெட்டிக்குள்ளே!

இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது குடிக்கணக்கு. 1881-இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் எடுத்துவந்தார்கள். உலகப் போர் மூண்டு கிடந்த 1941-இலும் எடுத்தார்கள். பிரிவினையின் குருதி காயாத 1951-இலும் எடுத்தார்கள். 2021-இலே எடுக்கவில்லை. "பெருந்தொற்று" என்றார்கள். ஒப்புக்கொள்வோம், 2021-க்கு. 2022-க்கு என்ன? 2023-க்கு என்ன? நேபாளம் 2021-இலே எடுத்தது. வங்காள தேசம் 2022-இலே எடுத்தது. பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் அதே ஆண்டிலே எடுத்தன. கடனிலே மூழ்கிக் கையேந்தி நின்ற பாகிஸ்தான்கூட 2023-இலே எடுத்து முடித்தது. இவையெல்லாம் வளரும் நாடுகள் அல்லவா? இங்கே 2024-இலே பொதுத்தேர்தல் நடத்த முடிந்தது. தொண்ணூறு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களைப் பெயர் பெயராய்ப் பட்டியலிட முடிந்தது. வாக்குக்காக எண்ணத் தெரிந்தவர்களுக்கு வயிற்றுக்காக எண்ண வரவில்லை.

வயிறு என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் சிற்றூர் மக்களிலே 75 விழுக்காட்டினருக்கும் நகர மக்களிலே 50 விழுக்காட்டினருக்கும் வரை மலிவு விலைத் தானியம் என்கிறது. எந்த மக்கள்தொகையிலே 75? எதிலே 50? 2011-ஆம் ஆண்டுக் கணக்கிலே! அதன்பின் பிறந்த பிள்ளை, அதன்பின் நகரத்துக்கு வந்த கூலி, டில்லியின் தானியக் கணக்கிலே இல்லை. பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் இதனால் விடுபட்டிருக்கிறார்கள் என்று 2020-இலேயே பொருளாதார அறிஞர் ழான் திரேசும் அவரோடு உழைத்தோரும் கணக்கிட்டுச் சொன்னார்கள். தமிழகத்திலே அரிசி அட்டைக்கு இந்த வரம்பு இல்லை. எல்லோருக்கும் வழங்கும் முறையை நாம் கைவிடாமல் வைத்திருக்கிறோம். டில்லி ஒதுக்குவதற்கு மேல் ஆகும் சுமையை மாநிலக் கருவூலம் தாங்குகிறது. பீகாரிலும் சார்க்கண்டிலும் அட்டை கிடைக்காத தாய்க்கு யார் தாங்குவது?

நமது சைதையையே பாருங்கள். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு பெருக்கெடுத்து, மறைமலையடிகள் பாலத்திலே போக்குவரத்து நின்று, கரையோரத்துக் குடிசையும் கல்வீடும் ஒன்றுபோல் மூழ்கிய கொடுமையை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். "இயற்கையின் சீற்றம்" என்றார்கள். "வருணபகவான்" என்று வழக்கம்போல் பழியை வானத்தின்மீது போட்டவர்களும் உண்டு. வானத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதல்லவா! ஆனால் மத்தியத் தணிக்கைத் துறை ஏட்டைப் புரட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வீதம் 21 மணி நேரம் நீர் திறந்துவிடப்பட்டதைக் கண்டது. இது மனிதர் விளைத்த பேரிடர் என்ற முடிவுக்கு வந்தது. அந்த அறிக்கை 2018 சூலையிலே சட்டமன்றத்திலே வைக்கப்பட்டது. மழை கொட்டியது உண்மை. எந்த நேரத்திலே எவ்வளவு திறந்தார்கள் என்பதோ மழையின் கையிலே இல்லை. அன்றிருந்த மாநில ஆட்சிமீது எழுந்த குற்றச்சாட்டு அது, டில்லியைப் பற்றியதன்று. ஆயினும் இங்கே எடுத்துக்காட்டக் காரணம் உண்டு. வெளிநாட்டு வல்லுநர் வேண்டியதில்லை, வினாத்தாள் வேண்டியதில்லை; நமது அரசியல் சட்டமே உண்டாக்கிய ஓர் அமைப்பு, நமது அதிகாரிகளைக் கொண்டே, ஓர் ஆட்சியை அளந்து காட்ட முடியும். அளந்தது, ஆளுவோர்க்குக் கசந்தது, மக்களுக்கு விளங்கிற்று. அதே தணிக்கைத் துறை மத்திய அரசைப் பற்றித் தந்த அறிக்கைகள் 2015-இலே 55, 2020-இலே 14. தகவல் அறியும் சட்டத்தைக் கொண்டு நாளேடு ஒன்று கேட்டுப் பெற்ற விவரம் இது. அந்தத் தகவல் அறியும் சட்டத்தையோ 2019-இலே ஒருமுறை, 2023-இலே மறுமுறை என்று நகம் நகமாய்க் களைந்தார்கள்.

வெள்ளம் வடிந்தபின் ஆற்றங்கரை ஏழைகளுக்கு நேர்ந்ததும் கணக்கோடு தொடர்புடையதுதான். கரையோரக் குடும்பங்கள் பலவற்றைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளிலே கொண்டுபோய்க் குவித்தார்கள். சைதையிலே வீட்டுவேலை, சந்தையிலே கூலி, பக்கத்திலே பள்ளி என்றிருந்தவர்கள் இருபது கிலோமீட்டர் அளவு தொலைவிலே. நாட்டின் கடைசி முழுக் கணக்கான 2011-ஆம் ஆண்டு ஏட்டிலோ அவர்கள் இன்னும் அடையாற்றங்கரைவாசிகள்! அங்கே எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் பள்ளியை விட்டார்கள், எத்தனை பெண்கள் வேலை இழந்தார்கள் என்று திட்டமிட உட்காரும் அதிகாரி எந்த எண்ணை வைத்துத் திட்டமிடுவார்? இல்லாத கரையிலே இல்லாத குடிசையை எண்ணிய ஏட்டை வைத்துத்தானே!

எண் என்றால் சிலருக்குச் சலிப்பு, "புள்ளிவிவரம் சோறு போடுமா?" என்பார்கள். நம் இயக்கத்தின் பிள்ளைகள் அப்படிக் கேட்கக் கூடாது. 1913-இலே அலெக்சாண்டர் கார்டியூ என்ற வெள்ளை அதிகாரி, அரசுப் பணிகள் குறித்த ஆணையத்தின் முன் சென்னை மாகாணத்தின் கணக்கை எடுத்து வைத்தார். மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவர்களிலே பார்ப்பனர் 93 பேர். மக்களிலே நூற்றுக்கு மூவர் அளவேயுள்ள ஒரு வகுப்பு! அதற்குமுன் "தகுதி, திறமை" என்று பேசிய பேச்செல்லாம் அந்த இரண்டு எண்களுக்கு முன்னே நிற்க முடியாமல் தடுமாறிற்று. மூன்றாண்டு கழித்து வந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கைக்கும், நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புரிமை ஆணைக்கும் அடியிலே கிடந்த கருங்கல் அதுதான். அரசர்களும் எண்ணினார்கள், இராசராசன் காலத்திலே வேலியை நுண்ணிய பின்னங்களாக வகுத்து நிலமளந்தார்கள். அது வரி வாங்க. கார்டியூ எடுத்துக் காட்டிய எண்ணோ, பறிபோன பங்கைக் கேட்கப் பயன்பட்டது. ஆதிக்கக்காரர்கள் எந்த எண்ணுக்கு அஞ்சுகிறார்கள் என்பது இதிலே விளங்கவில்லையா?

அதனால்தான் 1931-க்குப் பின் சாதிவாரி முழுக் கணக்கு வெளிவரவில்லை. 2011-இலே சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு என்று ஒன்றை நடத்தினார்கள். அதன் சாதித் தொகையைக் காங்கிரசும் வெளியிடவில்லை, பின்வந்த பாரதீய சனதாவும் வெளியிடவில்லை. கொள்கையிலே குடுமிப்பிடிச் சண்டை. பூட்டைப் பாதுகாப்பதிலே மட்டும் புனிதமான ஒற்றுமை! பொறுத்துப் பார்த்த பீகார் 2023 அக்டோபர் 2 அன்று தானே எடுத்த கணக்கை வெளியிட்டது. மிகப் பிற்பட்டோர் மட்டும் 36 விழுக்காடு என்றது அது. அதன்பிறகே, 2025 ஏப்ரல் 30 அன்று, குடிக்கணக்கோடு சாதியையும் கணக்கிடுவோம் என்றது மத்திய அமைச்சரவை. சூன் 16-இலே அறிவிப்பு வந்தது: கணக்கு நாள் 2027 மார்ச்சு 1.

அந்த நாளிலே இன்னொரு பொருளும் அடங்கியிருக்கிறது. 1961-ஆம் ஆண்டுக் கணக்குக்குப்பின் நாடாளுமன்றத்திலே தமிழகத்தின் இடங்கள் 41-லிருந்து 39-ஆகக் குறைந்தன. 1976-இலே தொகுதி எண்ணிக்கையை 1971-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே நிறுத்தினார்கள். 84-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 2026-க்குப்பின் எடுக்கப்படும் முதல் குடிக்கணக்குவரை அந்த நிலையே நீடிக்கும் என்று எழுதிவைத்தது. 2021-இலே எடுக்க வேண்டியதை 2021-இலே எடுத்திருந்தால், 2026-க்குப்பின் முதல் கணக்கு 2031-இலேதான் வந்திருக்கும். ஆறாண்டுத் தாமதம் நம்மை நேரே அந்த வாயிற்படியிலே கொண்டுவந்து நிறுத்திற்று! தற்செயல் என்பார்கள், இருக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டை நாட்டின் நன்மை கருதிச் செய்து காட்டிய மாநிலம், செய்ததற்காகவே குரல் குறையும் நிலை வருமோ என்று அஞ்சுவது தற்செயலான அச்சமல்ல. எண்ணுவது அநீதியென்று நாம் கூறவில்லை. எண்ண வேண்டிய காலத்திலே எண்ணாமல், தமக்கு வேண்டிய காலத்திலே எண்ணுவதைத்தான் கேட்கிறோம்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதிலே தனிக் கடமை உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பாடம் தவிர்த்த பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதன் 27-ஆவது பிரிவிலே மூன்று விலக்குகளைத் தருகிறது: தேர்தல், பேரிடர் நிவாரணம், குடிக்கணக்கு. வீடு வீடாய்ச் சென்று கதவைத் தட்டுவோர் நாமாகத்தான் இருப்போம். பாலத்துக்கு அடியிலே படுத்திருப்பவனைக் "குடும்பம் இல்லை" என்று தாண்டிப் போகாமல் எழுத வேண்டியதும், வடநாட்டிலிருந்து வந்து மெட்ரோ ரயிலுக்குக் குழி தோண்டுகிற தொழிலாளியைத் தகரக் கொட்டகைக்குள்ளே போய்த் தேடி எழுத வேண்டியதும் நாம்தான். சாதிப் பெயரைக் கூறக் கூச்சப்படும் இளைஞனிடம், சாதியை ஒழிக்க வேண்டுமென்றால் அது எங்கெங்கே எவ்வளவு தின்கிறது என்பது தெரிந்தாக வேண்டும் என்று விளக்க வேண்டியதும் நாம்தான்.

இளைஞர்களுக்கோ வேறு வேலை. 2011-இலே எடுத்த கணக்கின் சமயவாரித் தொகை வெளிவந்தது 2015 ஆகஸ்டிலே, பீகார் தேர்தல் நெருங்கிய நேரத்திலே. ஆகவே எண்ணி முடிந்ததும் நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம். சைதையிலே கூட்டம் போடுகிற ஒவ்வொரு கட்சியின் நாடாளுமன்ற வேட்பாளரையும் நிறுத்திக் கேளுங்கள்: சாதிவாரி அட்டவணை எந்த மாதம், எந்தத் தேதியிலே வெளிவரும்? மாவட்ட வாரியாக வருமா, நாடு முழுமைக்கும் ஒரே எண்ணாக வருமா? பெரும்பாக்கம் போன்ற குடியேற்றங்களுக்குத் தனிப் பட்டியல் உண்டா? தேதியைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.